சம்பந்தியோடு போக ஒரு துவக்கு

துவக்கு விஷயத்தில் எனக்கிருந்த அனுபவமெல்லாம், யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரரின் கையில் அதைக் கண்டவுடன் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஓடியதுதான். அப்படிப்பட்ட நான் 2012இல், மெல்பேர்னில், காசு கொடுத்து ஒன்றை வாங்கப் போய் நின்றேன். எல்லாம் மகளுக்காக.

அவள் விரும்பியது ஒரு வெள்ளைக்காரப் பெடியனை. தங்கமான பிள்ளை, அவனில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். சிக்கல் அவனுடைய தகப்பனில் இருந்தது. மெல்பேர்னுக்கு வடக்கே, ஆற்றோரத்தில் கோதுமை போடுகிற மனிதர். மனைவி செத்தபிறகு வாய் திறப்பதே குறைவாம். கல்யாணம் கோயிலில், மாப்பிள்ளையின் தகப்பனும் வேட்டி கட்டி மணவறையில் நிற்கவேண்டும் என்று சொல்லியனுப்பினோம். வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. பெடியனின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. அதைப் பார்த்து என் பிள்ளை குசினிக்குள் நின்று அழுதாள். பிறகு ஒருநாள் அந்த மனிதரிடமிருந்து மகளுக்கு ஒரு சேதி வந்தது. மார்ச்சில் வாத்து வேட்டை தொடங்குகிறது, உன் அப்பாவை வரச் சொல்லு.

“அப்பா, ப்ளீஸ். அவர் வாத்துச் சுடுற இடத்துக்கு ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போறதில்லையாம். நீங்கள் போனா அவர் கோயிலுக்கு வருவார்,” என்றாள் மகள்.

சம்பந்தி கூப்பிட்டுப் போகாமல் விடலாமா? இரவல் துவக்கோடு போய் நின்றால் மரியாதையா? லைசென்சுக்கு ஓடினேன். எந்த வாத்தைச் சுடலாம், எதைத் தொடக்கூடாது என்று படம் போட்டுக் காட்டிக் கேட்கிற சோதனைக்குப் படித்தேன். மல்கிரேவில் என் அலுவலகக் கதிரையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையில் வாத்துகள் பறப்பதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு கூட்டங்களில் யார் பேசினாலும் அவர்களுடைய தலைக்கு மேலால் இரண்டு மூன்று மெதுவாகப் போகும். நித்திரையிலும் போயின. சத்தமே இல்லை, சாம்பல் நிறச் செட்டைகள் மட்டும்.

“கல்யாணம் மகளுக்கோ, வாத்துக்கோ?” என்று என் மனிசி நக்கலடித்தாள்.

துவக்குக் கடைக்காரர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். துவக்கைத் தோளுக்குத் தூக்கி, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். குழல் கண்ணுக்கு நேரே நின்றால் அது உங்களுடையது, நீங்கள் அதைத் தேடிக் குனிந்தால் வேறு யாருடையதோ என்றார். மூன்று துவக்குக்கு நான் குனிந்தேன். நாலாவது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல் வைத்தது, நான் கண் திறக்கும்வரை காத்திருந்ததுபோல நேரே நின்றது. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

பிறகு சோக். குழலின் வாயில் திருகிப் பூட்டுகிற சின்னத் துண்டு. வாய் ஒடுங்கினால் சன்னங்கள், அந்தச் சின்னக் குண்டுகள், சிதறாமல் தூரம் போகும், விரிந்தால் கிட்டவே பரவும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பொத்திப் பார்த்தவர்களுக்கு விளங்கும். இருப்பதில் ஒடுங்கினதைத் தாருங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். வாத்துக்கு ஈயச் சன்னம் தடை, இரும்புதான் போடவேண்டும், அது தானாகவே சேர்ந்து போகும், அவ்வளவு ஒடுக்கம் ஆகாது என்றார். பறவை எவ்வளவு தூரத்தில் வரும் என்று கேட்டார்.

எனக்கு என்ன மண்ணாங்கட்டி தெரியும்? மகளுக்குப் போன் அடித்தேன். மகள் பெடியனுக்கு அடித்தாள், பெடியன் தகப்பனுக்கு. சாதகப் பொருத்தம் பார்க்கக்கூட இத்தனை தூது போகாது. கடைசியில் மகள் திரும்ப எடுத்தாள்.

“முப்பது மீற்றராம். விரிஞ்சதாம்.”

“கோயிலுக்கு வாறதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லை அப்பா.”

எனக்குச் சீ என்று போய்விட்டது. ஆனாலும் அவர் சொன்னதையே வாங்கினேன்.

மார்ச்சில், வேட்டையின் முதல் நாள், விடிகிற நேரம் இடுப்பளவு தண்ணீரில் நாணலுக்குள் நின்றோம், அவரும் நானும். தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே நிறம். செத்த மரங்கள் பனிப்புகாருக்குள் பாதியில் தொடங்கிப் பாதியில் முடிந்தன. என் கால் எங்கே நிற்கிறது என்பதே மறந்துபோயிற்று. வேட்டை தொடங்கும் நேரமாயிற்று என்று அவர் மணிக்கூட்டைக் காட்டினார். அப்போது செட்டைச் சத்தம் கேட்டது. ஆறேழு வாத்துகள், முப்பது மீற்றர்தான், அச்சொட்டாக அவர் சொன்னபடி.

துவக்கைத் தூக்கினேன். சுடவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் பக்கத்தில் நிற்க, பெண்ணைப் பெற்றவன் முந்தலாமா? பந்தியில்கூட அவர்கள் கை வைத்தபிறகுதானே நாங்கள்! அவர் சுடட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவரோ, விருந்தாளி சுடட்டும் என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாத்துகள் எங்கள் இருவருக்கும் மேலால் ஆறுதலாக, அவசரமில்லாமல் போயின.

அடுத்த கூட்டம் வந்தது. அவர் கையால் ‘நீங்கள்’ என்று காட்டினார். “நோ நோ, யூ,” என்றேன். அதுவும் போயிற்று. ஐயோ கடவுளே, கல்யாணமும் இப்படித்தான் போகப்போகிறது என்று துவக்கை இறக்கினேன். திரும்பிப் பார்த்தேன். அந்த மனிதருடைய தோள் குலுங்கியது. சிரித்தார். சத்தம் போட்டு, கண்ணீர் வரச் சிரித்தார். நாணலுக்குள் ஒளிந்திருந்த மிச்ச வாத்துகளும் எழும்பிப் பறந்தன.

சிரிப்பு அடங்கியதும் பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். அந்த வேட்டி இடுப்பில் நிற்குமா என்று கேட்டார். ஒட்டுகிற வெல்க்ரோ வைத்தது இருக்கிறது, நழுவாது என்றேன். வேண்டாம், சரியானதையே தெரிவுசெய்து தாருங்கள், கட்டிவிடவும் வேண்டும் என்றார்.

கல்யாணத்தன்று கோயில் அறையில் கண்ணாடிக்கு முன்னால், கண்ணை மூடி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். கட்டி முடித்து, திறவுங்கள் என்றேன். வெகுநேரம் தன்னைப் பார்த்தார். பிறகு, மணவறையில் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்று கேட்டார்.

“கிட்ட,” என்றேன்.