மன்னிப்புக் கடிதத்துக்கு ஓர் இணைப்பு

வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவனுக்கு ஓய்வு கிடையாது. பென்ஷன்காரன் சும்மாதானே இருக்கிறான் என்று மனு எழுத வருவார்கள். சாதி, வருமானம், வாரிசு என எந்தச் சான்றுக்கும் என்னிடம் வாசகம் தயார். கொலை செய்தவனை மன்னிக்கும் கடிதத்துக்கு மட்டும் இல்லை.

அதைக் கேட்டு என் தென்காசி வீட்டுக்கு வந்தவர் கடையநல்லூர் அம்மாள் ஒருவர். கூட அவர் தம்பி. குற்றால சீசன் சாரலில் இருவரும் நனைந்திருந்தார்கள். அம்மாளின் ஒரே மகன் வளைகுடாவில் ஒர்க்‌ஷாப் வேலைக்குப் போயிருந்தான். அறையில் கூடத் தங்கியிருந்த நேபாளத்துக்காரன், குளியலறைச் சண்டையில் இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றுவிட்டான். அந்நாட்டில் அவனுக்கு மரண தண்டனை. செத்தவனின் வாரிசு மன்னித்து எழுதிக் கொடுத்தால் உயிர் தப்பும். கணவரும் இல்லை, மகனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை. வாரிசு அம்மாள் ஒருவர்தான். இரண்டு தூதரகங்கள் சேர்ந்தும் முடியாததை அவர் ஒரு கையெழுத்தில் முடிக்கலாம்.

“எனக்கு இதுல இஷ்டமில்ல சார். தூக்குல போடட்டும்” என்றார் தம்பி.

“நீ சும்மா இருலே. அவன் அம்மா ஃபோன் பண்ணுதா. என்ன சொல்லுதான்னு ஒண்ணும் புரியல. அழுவ மட்டும் புரியுது.”

எழுதினேன்: ‘மேற்படி நபரின் தண்டனையைக் கைவிடுவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.’ வாசித்தும் காட்டினேன்.

“ஆட்சேபணைன்னா?”

“மறுப்பு. உங்களுக்கு ஒரு மறுப்பும் இல்லைன்னு அர்த்தம்.”

“எனக்கு இருக்கே அண்ணாச்சி. எம்புள்ளயக் கொன்னதுல நான் மவுத்தாகுற வரைக்கும் ஆட்சேபணை இருக்கும். உசிர எடுக்க வேண்டாம்னுதான் சொல்லுதேன்.”

“பட்டா மாத்துததுக்கு எழுதுன மாதிரில்லா இருக்கு” என்றார் தம்பி. பட்டா மாறுதலுக்கு எழுதுகிற வரிதான் அது.

இரண்டு பத்தியாகத் திருத்தினேன். முதலாவதில் அவன் செய்தது, இரண்டாவதில் மன்னிப்பு. படம் எடுத்து, கொன்றவனுக்காக வாதாடும் அந்நாட்டு வக்கீலுக்கு அனுப்பினோம். மறுநாள் இருவரும் மறுபடி வந்தபோது பதில் வந்திருந்தது: முதல் பத்தியை எடுத்துவிடுங்கள், நிபந்தனை என்று நீதிமன்றம் நினைத்துவிடும், மேல்முறையீட்டு விசாரணைக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது.

“அப்போ அவன் செஞ்சது என்னன்னு ஒருத்தரும் அவன்கிட்ட சொல்லாம தப்பிச்சிருவானா? முதல் பத்தி இல்லாம நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றார் அம்மாள்.

கடிதத்தில் வைக்க முடியாததை இணைப்பாக வைக்க வேண்டும் என்பது நான் சர்வீஸில் கற்ற ஒரே தத்துவம். இணைப்பை யாரும் படிக்க மாட்டார்கள். கிழித்துப்போட யாருக்கும் அதிகாரமும் கிடையாது. அதைச் சொன்னேன்.

“கோர்ட்டு படிக்க வேண்டாம். அவன் படிக்கணும். அவனுக்கே எழுதுங்க.”

“தமிழ்ல எழுதுனா அவன் எப்படிம்மா படிப்பான்?”

தூக்கில் போடச் சொன்ன தம்பி செருப்பை மாட்டினார். “குத்தாலத்துல ஒரு பரோட்டாக் கடையில நேபாளத்துக்காரரு ஒருத்தரு மாவு பிசையுதாரு. பத்து வருசமா இங்கனதான் இருக்காரு, தமிழ் நல்லாவே பேசுவாரு. போய்க் கூட்டிட்டு வாரேன்.”

சீசன் நெரிசலில் அவர் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது. வந்த மாஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். கை கழுவியும் விரலிடுக்கில் மைதா ஒட்டியிருந்தது. விஷயம் தெரிந்ததும் நாற்காலியில் உட்கார மறுத்துத் தரையில் உட்கார்ந்தார்.

அம்மாள் சொல்லச் சொல்ல அவர் தம் மொழியில் எழுதினார். மகனுக்கு மீன் முள் எடுக்கத் தெரியாது, கடைசிவரை பயந்து பயந்துதான் சாப்பிடுவான் என்று சொன்ன இடத்தில் பேனா நின்றது.

“இதையும் எழுதவாம்மா?”

“அதத்தான் முக்கியமா எழுதணும்.”

எழுதி முடித்ததும் அம்மாள் அதில் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் முதல் பத்தியை எடுத்துவிட்ட மன்னிப்புக் கடிதத்தை வாங்கி, நான் பென்சிலால் புள்ளி வைத்திருந்த இடத்தில் போட்டார்.