படிக்கிணற்றுத் தண்ணீர்

இன்று மருமகள் குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டுவதைப் பார்த்ததும், வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருக்கோடியில் இருந்த படிக்கிணறு நினைவுக்கு வந்தது. பாசி வழுக்கும் படிகளில் இறங்கி, கால் கழுவி, அதே தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து குடித்தோம். துணியில் வடிகட்டிக் குடிக்கும்படி முனிசிபாலிட்டி ஆள் வீடு வீடாக வந்து சொன்னார்.

"பாட்டன் காலத்துலருந்து இப்படித்தான் குடிக்கோம். என்ன ஆயிட்டு?" என்றாள் அம்மா.

அந்தக் கோடையில் அக்காவின் கணுக்காலில் கொப்புளம் உடைந்து, அந்தத் தண்ணீரால் உடம்புக்குள் போய் வளர்ந்த நரம்புச் சிலந்திப் புழு வெள்ளை நூல்போலத் தலை நீட்டியது. அதை ஈர்க்குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாளுக்கு ஒரு விரற்கடை இழுத்துக்கொண்டு, அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் எடுப்பது என் வேலையாயிற்று. ஒருநாள் வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

"நீ படுட்டி, நான் போயிட்டு வாரேன்" என்று அக்கா குடத்தை எடுத்தாள்.

படியில் இறங்கும்போது புழு அறுந்துவிட்டது. கால் வீங்கிச் சீழ் வைத்தது. மடங்கிய கால் பிறகு நிமிரவேயில்லை. மறு வருஷம் முனிசிபாலிட்டியார் படிகளை அடைத்து, கிணற்றுக்கு உருளை போட்டார்கள். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். யாரும் திரும்பி வரவில்லை.

என் கல்யாணத்துக்கு முதல் நாள் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி" என்றாள், என் தலையை வாரிக்கொண்டே.