கோட்டை பார்க்கப் போன நாள்

ஜேர்மனியில் மகன் குடும்பத்தோடு ஒரு காட்டுக்குள் ஏறிப்போய், பழைய கோட்டை ஒன்றின் வாசலில் நின்றோம். நுழைவுச்சீட்டு கொடுப்பவன் ஏதோ கேட்டான்.

"எல்லாரும் ஒரே குடும்பமோ எண்டு கேக்கிறான், அம்மா," என்றான் மகன்.

நான் கோட்டை மதிலை அண்ணாந்து பார்த்தேன்.

எனக்கு எட்டு வயதில் ஐயா, அம்மாவோடு நீர்வேலியிலிருந்து யாழ்ப்பாணக் கோட்டைக்கு நடந்து போனோம். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், "பிள்ளைக்குக் கோட்டை காட்டப் போறம்," என்றார் ஐயா. பெற்ற தகப்பன் சொன்னதை நானும் நம்பினேன். அம்மாவின் கையில் வாழையிலையில் கட்டிய பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் மணத்தன.

கோட்டைக்குள்ளே மறியற்சாலை இருந்தது. அதற்குள் என் கூடப்பிறந்த அண்ணை இருந்தார். ஐயாவின் எல்லை வேலிக்காகப் பக்கத்து வளவுக்காரரை வெட்டிவிட்டு மறியலுக்குப் போனவர்.

"உமக்கு அவன் என்ன முறை?" என்று காவற்காரன் கேட்டான்.

எங்களுக்குப் பின்னால் ஊர்க்காரர் இருவர் நின்றார்கள். ஐயா அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"முறை ஒண்டுமில்லை. எங்கடை ஊர்ப் பெடியன்."

அதற்குள் அண்ணை கம்பிக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டார். 'அண்ணை' என்று கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என் கையை நெரித்தாள். நான் அவளின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சொந்தக்காரர் கொண்டுவரும் சாப்பாட்டைத்தான் உள்ளே விடுவார்களாம்; பிட்டுப் பொதி அவிழ்க்கப்படாமலே திரும்பி வந்தது. வீணாக்கக் கூடாதென்று ஐயா எங்களை மதிலோரம் இருத்திச் சாப்பிட வைத்தார். எனக்கு நல்ல பசி. வழித்துச் சாப்பிட்டேன்.

"வாங்கோ அம்மா, ஓமெண்டு சொல்லிப்போட்டன்," என்றான் மகன்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றேன். "உள்ளுக்கை இருக்கிறவைக்கும் கேக்கச் சொல்லு."