டிக்கி விளக்கு

டாக்ஸிக்காரர் சாவியைத் திருகினா வண்டி "டக்"குனு ஒரு சத்தம் போடும். அவ்வளவுதான். பின் சீட்டுல அவர் வீட்டுக்காரம்மா. ரெண்டு கிட்னியும் போயாச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரி மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணியாகணும். நேரத்துக்குப் போகலன்னா படுக்கையை அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுவாங்க. அப்புறம் மூச்சுத் திணறிக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

புது பேட்டரி போட்டாச்சு, தீர்ந்துச்சுன்னு நினைச்சார். தீரல. மெக்கானிக் பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற டைனமோவைப் பார்த்தான், நல்லாத்தான் இருந்துச்சு. பேட்டரி முனையில பூத்திருந்த உப்பை வெந்நி ஊத்திக் கழுவினான். "குட்டிக் குட்டி சவாரியா ஓட்டாதண்ணே, சார்ஜ் ஏறாது"ன்னான். தூரச் சவாரியாத் தேடி ஓட்டினார். மறுபடி "டக்".

"அப்ப வண்டி நிக்கிறப்பவும் எதுவோ கரண்டைக் குடிக்குதுண்ணே."

ரேடியோவைப் பிடுங்கினார். போன் சார்ஜரைப் பிடுங்கினார். மிச்சம் டிக்கி விளக்கு. மூடினா அணையுதான்னு வெளியிலேருந்து எப்படித் தெரியும்? சக்கர நாற்காலியை இறக்கி, பொண்டாட்டியை அதுல உக்கார வெச்சுட்டு, இவர் டிக்கிக்குள்ள சுருண்டு படுத்தார்.

"மூடுடி."

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து இதுக்குத்தான் காத்திருந்தேன்." படார்னு மூடினாங்க.

"எரியுதுடி! திற!"

"காது கேக்கல. கொஞ்ச நேரம் அங்கயே இருங்க."

திறந்தப்புறம் பார்த்தார். நாற்காலியைத் திணிச்சுத் திணிச்சு டிக்கி மூடி வளைஞ்சிருக்கு. விளக்கை அணைக்கிற பட்டன் அமுங்கவே இல்ல.

"அப்ப என் நாற்காலிதான் குடிச்சிருக்கு." அந்தம்மா சிரிப்பு நின்னுபோச்சு.

"நாற்காலி என்னடி பண்ணும்? நான் அமுக்கின அமுக்கு."

பல்பைக் கழட்டி எறிஞ்சார். ஆனா அடிக்கடி அடிமட்டத்துக்குக் காலியான பேட்டரி அப்புறம் சார்ஜைப் பிடிச்சு வைக்காது. அது அவருக்குத் தெரியாது. மறுநாள் காலையில "டக்" கூட வரல.

தெருவுல போறவன் வர்றவன் கையையெல்லாம் பிடிச்சு இழுத்தார். "தள்ளுங்கப்பா, உசுரு போற விஷயம்!" நாலு பேர் தள்ளினதுல வண்டி இருமி இருமிக் கிளம்புச்சு.

ஆஸ்பத்திரி வாசல். ஊசி குத்துறப்ப அந்தம்மா எப்பவும் இவர் கையைத்தான் பிடிச்சுக்குவாங்க. "நீங்க வரலையா?"

"எஞ்சினை அணைச்சா திரும்பக் கிளம்பாதுடி. நீ துவண்டு வருவே, உன்னை வெச்சுக்கிட்டுத் தள்ள ஆள் எங்க தேடுவேன்?"

நர்ஸ் நாற்காலியைத் தள்ளிக்கிட்டுப் போச்சு. அந்தம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "யோவ், புகை வார்டுக்குள்ள போகுது. ஆஃப் பண்ணுய்யா."

"மாட்டேன்."

"எஞ்சினை அணைக்கவும்னு போர்டு வெச்சிருக்கே, கண்ணுக்குத் தெரியல?"

"தெரியுது. மாட்டேன்யா." ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுக்கல.