துண்டுக்குள் அசையாத விரல்

அரியலூரை முதலில் தனி மாவட்டம் ஆக்கினார்கள். ஒரு வருஷம் கழிந்ததும் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். இப்போது மறுபடியும் பிரித்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது பிரிவினை நடந்த கார்த்திகை மாதத்தில்தான் கொளஞ்சி தரகர் தவறிப்போனார். நான் கீழப்பழுவூர் ரோட்டு டீக்கடையில் இருந்தேன். இனிமேல் கலெக்டர் ஆபீசுக்குப் பெரம்பலூர் வரைக்கும் அலைய வேண்டாம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். கொளஞ்சியின் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை.

"பெரியவரே, தரகர் போயிட்டாருங்க. மத்தியானம் சாப்புட்டுப் படுத்தவருதான். அந்தம்மா பக்கத்துலயே கெடந்து இழுத்து இழுத்துப் பாத்திருக்கு" என்றார்.

எதை இழுத்தாள் என்று கடையில் யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கையிலிருந்த கிளாசை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

காரியத்துக்கு வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்ட ஏதாவது சொல்லுங்கள் மாமா என்று கொளஞ்சியின் மகள் தமிழ்ச்செல்வி கேட்டாள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நடுவில் அவள் பேனாவை வைத்துவிட்டால் நானும் வாயை மூடிக்கொள்கிறேன். கொளஞ்சியின் மனைவி செல்லம்மாள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் அந்த முறையில் அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான். இருவருமே மாட்டுத் தரகர்கள்.

சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவர்களுக்கு எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்ச் சம்பந்திகளுக்காகச் சொல்கிறேன். மாட்டு விலையை நாங்கள் வாயால் பேச மாட்டோம். கையின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வாங்குகிறவர் விரலையும் விற்கிறவர் விரலையும் மாறி மாறிப் பிடிப்போம். எந்த விரலை அழுத்துகிறோம் என்பதுதான் விலை. வாய் அந்த நேரத்தில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். விரலை அழுத்திவிட்டால் சொல் கொடுத்த மாதிரி, பின்வாங்க முடியாது. கொளஞ்சி அடிக்கடி சொல்வார்: "துண்டுக்கு வெளிய பேசுறது ஊருக்கு மச்சான். உள்ள பேசுறதுதான் நமக்கு." அதனால்தான் அவருக்குக் காது மந்தமானது சந்தையில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. அங்கே அவருக்குக் காதே தேவைப்படவில்லை.

முதலில் கண்டுபிடித்தவள் செல்லம்மாள். முதல் தடவை மாவட்டம் பிரித்த வருஷம், பங்குனியில், திருமழபாடிக்கு நந்தி கல்யாணம் பார்க்கப் போயிருந்தோம். மேளம் முழங்குகிறது, ஒரே நெரிசல். செல்லம்மாள் பக்கத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவர் மாப்பிள்ளைக் கோலத்து நந்தியைப் பார்த்தபடி நின்றார். தோளில் ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் திரும்பினார்.

"எத்தன தடவ கூப்புடுறது? காதையும் சந்தையில வித்தாச்சா?"

"இந்தக் கூட்டத்துல எவனுக்குடி கேக்கும்?"

"எனக்குக் கேக்குது. அண்ணனுக்குக் கேக்குது. உங்களுக்கு மட்டுந்தான் தனியா மேளம் அடிக்கிறானாக்கும்."

சிரித்துவிட்டு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு வீட்டில் டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்க ஆரம்பித்தது. யார் என்ன சொன்னாலும் "ஆமாமா, ஆமாமா" என்றார். "இப்பல்லாம் எவனும் வாயத் தொறந்து பேச மாட்டேங்குறான் மச்சான், எல்லாரும் முனங்குறானுங்க" என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். யாரோ சொன்னார்கள் என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டுக்கொண்டார். தமிழ்ச்செல்வி அந்தக் கிண்ணியைப் பிடுங்கி வீசிவிட்டு, டாக்டரிடம் காட்டலாம் வாங்க என்று மன்றாடினாள்.

"ஒருத்தன் மாட்டோட பல்லப் புடிச்சுப் பாத்துட்டான்னா அப்புறம் வயச மறைக்க முடியாதும்மா. காதக் காட்டுனா எனக்கும் பல்லப் பாத்த மாதிரிதான். சந்தையில நிக்க முடியுமா?"

"நீங்க என்ன மாடாப்பா?"

"மாடுன்னா நல்ல வெலைக்குப் போயிருப்பேனே. நான் தரகன்."

இப்படிப் பேசியே வருஷங்களை ஓட்டிவிட்டார்.

கடல் பொங்கி நாகப்பட்டினம் பக்கமெல்லாம் ஜனங்களை வாரிக்கொண்டு போன மார்கழிக்கு அடுத்த தை மாதம் செல்லம்மாளுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு நிற்கவில்லை, ஆனால் நூல் மாதிரி மெலிந்து, வாய்க்குள்ளேயே சிக்கிச் சிக்கி வந்தது. மகள் பெரம்பலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள், எப்போதும் வந்து இருக்க முடியாது. செல்லம்மாளுக்கு எல்லாம் செய்தது கொளஞ்சிதான். குளிப்பாட்டித் தலைசீவி விடுவது வரைக்கும் செய்தார்.

அதே வருஷம் கொள்ளிடம் கரை முட்ட வந்தது. ரோடு திறந்த பிறகு அவர்களைப் பார்க்கப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். கொளஞ்சி கதவோரம் இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கை எட்டும் தூரத்துக் கட்டிலில், செல்லம்மாள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் ஓரமாக வழிந்து அவள் காதுக்குள் இறங்கியிருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சந்தோஷமாக, "வா மச்சான், கடலையத் தின்னு" என்றார்.

"அண்ணே, விடிஞ்சதுலேர்ந்து தண்ணி கேக்குறேன். அவுங்க திரும்பல" என்றாள் செல்லம்மாள்.

அதை நான் அவர் காதில் கத்திச் சொன்னேன். உடைத்த கடலையெல்லாம் மடியிலிருந்து தரையில் கொட்ட எழுந்தார். தண்ணீர் கொடுத்தார், வாயைத் துடைத்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "நாளைக்கே பெரம்பலூர் போவலாம். அவ கொரல் கேட்டாப் போதும், வேற எவன் பேசுறதும் எனக்கு வேணாம்" என்றார்.

தமிழ்ச்செல்வி வந்து அம்மாவுக்குத் துணை இருந்தாள். நானும் அவரும் பஸ் ஏறினோம். பெரம்பலூரில் காது டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்து, கட்டி கட்டியாக அழுக்கை எடுத்தார். கொளஞ்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா மச்சான், அடைப்புதான். ஒன்னுமில்ல" என்றார். டாக்டர் சிரித்தார். "பெரியவரே, இது வாசக்கதவு. வூட்டுக்குள்ள எப்படி இருக்குன்னு சோதிச்சுத்தான் பாக்கணும்."

சோதிக்கிற அறை சின்னது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் நம் மூச்சு நமக்கே கேட்டது. அங்கே இருந்த பெண்ணுக்கு எங்கள் தமிழ்ச்செல்வி வயதுதான் இருக்கும். கொளஞ்சியின் இரண்டு காதையும் மூடி ஒரு கருவியை மாட்டினாள். "உள்ள சத்தம் வரும்ங்கய்யா. ரொம்ப லேசாக் கேட்டாலும் உடனே வெரலத் தூக்குங்க" என்று எதிரில் நின்று உரக்கச் சொல்லிவிட்டு, அவர் முதுகுப் பக்கம் போய் மெசினைத் திருகினாள்.

கொளஞ்சி விரலைத் தூக்கவில்லை. அவள் இன்னும் கூட்டித் திருகினாள். முன்னால் வந்து, "எதுவுமே கேக்கலையாய்யா?" என்றாள்.

"கேட்ட மாதிரி இருந்துச்சும்மா."

"அப்பத் தூக்க வேண்டியதுதானே?"

"மாதிரிக்கெல்லாம் வெரல் காட்டலாமா? தப்பாப் போச்சுன்னா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் எங்கள் தொழிலைச் சொன்னேன். விரல் காட்டிவிட்டால் வியாபாரம் முடிந்தது, அதனால் முழு நிச்சயம் இல்லாமல் இவர் விரல் அசையாதம்மா என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "சரி, உங்க வழியிலயே வச்சுக்குவோம். நீங்க பக்கத்துல உக்காருங்க. அவரு துண்டுக்குள்ள உங்க வெரல அழுத்தட்டும், நீங்க எனக்குக் கையத் தூக்கிக் காட்டுங்க. சந்தேகம் இருந்தாலும் லேசா அழுத்தச் சொல்லுங்க" என்றாள். கொளஞ்சி உடனே சரியென்றார். துண்டுக்குள் அவருக்குப் பயமில்லை.

அவர் கை என் கைக்குள் இருந்தது. முதலில் தடித்த சத்தங்கள். விரல் அழுத்தியது, நான் கையைத் தூக்கினேன். மறுபடியும் அழுத்தியது. பிறகு அழுத்தம் தயங்கித் தயங்கி வந்தது, விலை படியாதபோது வருமே, அந்த மாதிரி. பிறகு வரவில்லை. மெசினின்மேல் அந்தப் பெண்ணின் கை திருகிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில், அவர் காதை மூடியிருந்த கருவிக்கு வெளியே அந்தச் சத்தம் கசிந்து வந்தது. கம்பியைச் சுண்டியது போல மெல்லிசாக, எனக்கே கேட்டது. அவர் காதுக்குள்ளே ஒலிப்பது வெளியே இருக்கிற எனக்குக் கேட்கிறது, அவர் விரல் என் கையில் அசையாமல் கிடக்கிறது. முகத்தைப் பார்த்தேன். சந்தையில் வைத்திருக்கிற அதே முகம்தான், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை மட்டும் வேர்த்து நனைந்திருந்தது. அந்த விரலை நானே பிடித்து அழுத்திவிட மாட்டோமா என்றிருந்தது. அழுத்தி என்ன ஆகப் போகிறது?

காதுக்குப் பின்னால் எலும்பில் சின்னக் கட்டை போல ஒன்றை வைத்தும் பார்த்தாள். மாற்றமில்லை. ஒரு தாளில் கோடு போட்டு எங்கள் முன் வைத்தாள். எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் மேடு பள்ளம் தெரியும். இடது பக்கம் மேட்டில் தொடங்கிய கோடு, வலது பக்கம் போகப் போக, வெள்ளம் அறுத்த கொள்ளிடக் கரை மாதிரி சரிந்து கிடந்தது.

"நரம்பு தளந்து போச்சுய்யா. தடிச்ச சத்தம் கேக்கும். மெல்லிசு சத்தந்தான் கேக்காது. ஆம்பளைங்க கிட்ட நின்னு பேசுனா ஓரளவு புரியும். பொம்பளைங்க, கொழந்தைங்க பேசுறது கஷ்டம்."

"படுத்துக்கிட்டு மொள்ளப் பேசுற பொம்பள கொரலும்மா?" என்று கேட்டார்.

அவள் கோடு சரிந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். பிறகு, "காதுக்கு மெசின் வச்சா உதவும்ங்கய்யா. முழுசா வராது. கொஞ்ச வருசம் முன்னாடியே வந்து வச்சிருந்தா காதும் பழகியிருக்கும்" என்றாள். அவள் குற்றமாகச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்சில் கொளஞ்சி ஒரே ஒரு தடவைதான் பேசினார். "பல்லப் பாத்துட்டாங்க மச்சான்."

மெசின் வந்தது. காக்கை கேட்டது, பாத்திரம் விழுவது கேட்டது. "நான் சோறு மெல்லுறது எனக்கே மாடு அசை போடுற மாதிரி கேக்குது, இத்தன நாளும் உங்களுக்கு இப்படித்தான் கேட்டுச்சா?" என்று சிரித்தார். செல்லம்மாளின் குரல் மட்டும் காற்று மாதிரி வந்தது, சொல்லாக வரவில்லை. புரியட்டும் என்று அவள் வாய்க்கு நேராகக் காதைக் கொண்டுபோனால் மெசின் கீச்சென்று கத்தும். அவள் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொள்வாள். அந்தக் கீச்சுச் சத்தம் மெல்லிசு, அது அவருக்குக் கேட்காது. அவள் ஏன் முகத்தைத் திருப்புகிறாள் என்று தெரியாமல் அவர் இன்னும் கிட்டே குனிவார். நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஒரு நாள் மெசினைக் கழற்றிவைத்துவிட்டுத் துண்டை எடுத்தார். அவளுடைய இடது கையின்மேல் போட்டு, அடியில் தன் கையைக் கொடுத்தார். தண்ணீருக்கு ஒரு விரல், புரண்டு படுக்க ஒரு விரல் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். "துண்டுக்குள்ள என்ன களவாணித்தனம் பண்ணுறீங்களோன்னு கேப்பேன். இப்ப என்னையும் சேத்துட்டாரு பாருங்கண்ணே" என்றாள் செல்லம்மாள். ஆனால் விரல் பேச ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமே. அதற்கும் ஒரு வழி செய்தார். மெல்லிய மூக்கணாங்கயிறு ஒன்றை அவள் மணிக்கட்டிலிருந்து தன் மணிக்கட்டுக்குக் கட்டிக்கொண்டார். அவள் இழுத்தால் திரும்புவார். சந்தைக்கு வருவதை விட்டுவிட்டார்.

"எத்தன மாட்டுக்குக் கட்டுன கை மச்சான். இப்ப அவ புடிச்சிருக்கா, நான் மாடு. நல்ல மாடுதான், இழுத்தா வந்துடுறேன்" என்றார்.

அந்தக் கயிற்றைத்தான் அன்று மத்தியானம் செல்லம்மாள் இழுத்திருக்கிறாள். கூப்பிட்டும் பார்த்திருக்கிறாள். அந்த நூல் குரல் வாசல்வரைகூட எட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மோர் கொடுக்க வந்தபோது கயிறு விறைத்து நின்றதாம், அவள் மணிக்கட்டு சிவந்து கன்றிப் போயிருந்ததாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் டி.வி.யைக் கூட்டி வைக்கச் சொல்கிறவர்கள் இருப்பீர்கள். மற்றவர்கள் முனகுகிறார்கள் என்று குறைப்படுகிறவர்கள் இருப்பீர்கள். போய்க் காதைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

துக்கத்துக்குப் போன அன்று செல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இடது கையை நீட்டினாள். என் தோள் துண்டை அதன்மேல் போட்டு அடியில் கையைக் கொடுத்தேன். என் மோதிர விரலைப் பிடித்து அழுத்தினாள். விட்டுவிட்டு, உள்ளங்கையில் கட்டைவிரலால் ஒரு கோடு இழுத்தாள். திரும்ப அதையே செய்தாள். சந்தை விரல் அத்தனையும் எனக்குத் தெரியும். இது சந்தையில் இல்லாதது.

"என்னம்மா வேணும்? வாயால சொல்லு. எனக்குத்தான் காது நல்லாக் கேக்குதே" என்றேன்.

அவள் வாயைத் திறக்கவில்லை. தமிழ்ச்செல்வி தன் கையைக் கொடுத்துப் பார்த்தாள், அவளுக்கும் விளங்கவில்லை. தண்ணீர் கொடுத்தோம், வேண்டாம் என்று தலையசைத்தாள். புரட்டிப் படுக்க வைத்தோம், அதுவும் இல்லை. மறுபடி என் கையைத் தேடிப் பிடித்தாள். அதே விரல், அதே கோடு.

கொளஞ்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் உள்ளங்கையில் இருக்கிற அந்தக் கோடுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர் போய்விட்டார். உயிரோடு இருக்கிறவள் செல்லம்மாள், துண்டுக்குள் பேசியதை அவள் வெளியே சொல்ல மாட்டாள்.