லவோன் கேட்ட சாவி

எங்கள் உருளைக்கிழங்கு ஆலையில் புதிதாகச் சேருகிறவர்களை முதல் மூன்று நாள் கட்டி மேய்ப்பது லவோன் டோல்மனின் வேலை. வயது அறுபதை நெருங்குகிறது, முழங்கால் இரண்டும் போய்விட்டன, குரல் மட்டும் போகவில்லை. சாப்பாட்டு அறை எங்கே என்றுகூடக் காட்டமாட்டாள். வந்ததும் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டைக் கையில் திணிப்பாள்.

"மிஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஸ்விட்சை அணைச்சு உன் பூட்டை அதுல மாட்டு. சாவி உன் பையில இருக்கணும். திறக்கறவனும் நீதான். திறக்கும்போது குனிஞ்சு உள்ள பாரு. யார் கேட்டாலும் சாவியக் குடுக்காதே. உங்க சர்ச் பிஷப்பே வந்து கேட்டாலும்!"

மூன்றாம் நாள் அவளே வந்து தேனொழுகப் பேசிச் சாவியைக் கேட்பாள். கொடுத்தவர் தொலைந்தார், பயிற்சி மறுபடியும் முதலிலிருந்து. குவாத்தமாலாவிலிருந்து வந்திருந்த எவுசேபியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாகக் கொடுத்துவிட்டான்.

"பெரியவங்க கேக்கறீங்க. எப்படி மாட்டேங்கறது, சீனோரா?" என்றான். அவன் ஊரில் 'அம்மா' என்பதற்கு அதுதான் சொல்.

மெக்கானிக் டுவேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடுத்து வீட்டுச் சாவியக் கேளு லவோன், அதையும் குடுத்துருவான்!" அந்த வாயில் ஒரு கிழங்கை வைத்து அடைக்கலாம் போல எனக்கு வந்தது.

ஷிப்ட் மேலாளர் பிரெண்ட் சிரிக்கவில்லை. "இந்தப் பூட்டு நாடகமெல்லாம் போதும் லவோன். உங்க புது ஆளுங்களால இன்னொரு தடவை லைன் நின்னுச்சுன்னா, உங்க பயிற்சிக்குப் பதிலா அரை மணி வீடியோ போட்டுக் காட்டிடுவேன். நீங்க கிழங்கு பொறுக்கற பெல்ட்டுக்குப் போயிடுங்க."

பெல்ட்டில் நாள் முழுக்க நிற்க வேண்டும். அந்த முழங்காலோடு ஒரு வாரம் தாங்கமாட்டாள். அது பிரெண்டுக்கும் தெரியும்.

அடுத்த வாரம் கிழங்கின் தோலை உரிக்கும் பெரிய உருளை இயந்திரம் அடைத்துக்கொண்டது. எவுசேபியோ தன் பூட்டை மாட்டிவிட்டு உள்ளே போய்ச் சுத்தம் செய்தான். பாதியில் விரல் கிழிந்து ரத்தம் கொட்டியது. பொறுக்குகிற பெல்ட்டில் நின்ற நான்தான் அவனை முதலுதவி அறைக்கு இழுத்துப் போனேன். நர்ஸ் கட்டுப் போடத் தொடங்கியபோது லவோன் மூச்சிரைக்க வந்தாள்.

"மீதி வேலைய டுவேன் முடிச்சுட்டான். உன் பூட்டு ஒண்ணுதான் தொங்குது. பிரெண்ட் அதை வெட்டறேங்கறான். சாவியக் குடுப்பா."

எவுசேபியோ சிரித்தான். "இன்னொரு தடவை ஏமாற மாட்டேன், சீனோரா."

"இது சோதனை இல்லப்பா! நெசமாவே கேக்கறேன்!"

"அன்னிக்கும் இப்படித்தான் கேட்டீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "குடுத்துத் தொலையேன்யா! அவங்க வேலை போயிடும்!"

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நர்ஸின் கையிலிருந்து விரலை உருவிக்கொண்டு, பாதிக் கட்டு தொங்க எழுந்து நடந்தான். நாங்கள் பின்னால் ஓடினோம்.

உருளைக்குப் பக்கத்தில் பிரெண்ட் இரும்பு வெட்டும் கத்தரியோடு நின்றான். பக்கத்து லைன்களின் இரைச்சலில் அவன் கத்தியது பாதிதான் கேட்டது. "திற! கிழங்கெல்லாம் குவியுது, திற!"

எவுசேபியோ சாவியை எடுத்தான். பூட்டைத் தொடவில்லை. முதலில் குனிந்து உள்ளே பார்த்தான். பார்த்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"உள்ள பூட்ஸ் தெரியுது."

லவோன் உருளையை இரண்டு கையாலும் படபடவென்று அடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காதடைப்பானைப் பிடுங்கிக்கொண்டே டுவேன் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தான்.

"ஸ்பேனரை உள்ள விட்டுட்டேன், எடுக்கப் போனேன். அதான் பூட்டு ஒண்ணு தொங்குதேன்னு நான் என்னோடதைப் போடல. என்ன, எல்லாரும் ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

பிரெண்ட் கத்தரியைத் தரையில் வைத்தான். அதன்பிறகு வீடியோ என்ற சொல் அவன் வாயில் வரவேயில்லை. லவோன் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாவிக்காக நீட்டிய தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவுசேபியோ அவள் முன்னால் குந்தி, ரத்தம் ஒட்டிய சாவியை நீட்டினான். "இப்பத் தரட்டுமா, சீனோரா?"

லவோன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குக் குடுக்காதே. நீயே திற. திறக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை குனிஞ்சு பாரு."