எந்தக் கை என்று என்னைக் கேட்கவில்லை

ரவிக்கைத் துணியில் சாக்பீஸ் கோட்டை விட்டுக் கத்தரி விலகியபோது, கடையின் விளக்கு வெளிச்சத்தைத்தான் முதலில் திட்டினேன். பெரிய மார்க்கெட் பக்கம் என் தையல் கடை. வெட்டுவது, எழுதுவது, ஊசி கோப்பது எல்லாம் எனக்கு இடது கைதான். கொஞ்ச நாளில் அந்தக் கையில் கத்தரி நிற்கவே இல்லை. பிறகு வலது கையும் நடுங்கத் தொடங்கியது. பார்கின்சன் (மூளையில் டோபமின் என்ற பொருள் குறைவதால் நடுக்கம், இறுக்கம், மந்தமான அசைவு வரும் நோய்) என்றார்கள்.

மாத்திரையில் இறுக்கம் தளர்ந்தது. நடுக்கம் அடங்கவில்லை. இதே நோயோடு இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கும் இப்படித்தான் இருக்கும். அடுத்து என்ன என்று கேட்டவுடன் வீட்டில் ஆளாளுக்கு டாக்டராகிவிடுவார்கள். என் மகள் பிரான்சில் இருக்கிறாள். என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் தினமும் வீடியோ காலில் என் மூளையை வைத்து வாதாடினார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியூர் மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மாதான் எனக்குப் புரியும்படி சொன்னார். ஆழ்மூளைத் தூண்டல் (மண்டையில் துளையிட்டு மெல்லிய கம்பிகளை வைத்து, மார்பில் புதைத்த பேட்டரியால் மின்சாரம் தருவது) இரு பக்கத்துக்கும் உதவும். பின்னால் கூட்டலாம், குறைக்கலாம். குவிந்த அல்ட்ராசவுண்ட் (ஒலி அலைகளை ஒரு புள்ளியில் குவித்து, அந்த இடத்தைச் சூட்டால் செயலிழக்கச் செய்வது) மண்டையைத் திறக்காது. ஆனால் சுட்டது சுட்டதுதான், மாற்ற முடியாது. அதிலும் எந்த இடத்தைச் சுடுவது என்று ஒரு தேர்வு உண்டு. தலாமஸ் என்ற இடம் நடுக்கத்துக்கு. பாலிடம் என்ற இடம், இறுக்கமும் மருந்தால் வரும் தன்னிச்சை ஆட்டமும் உள்ளவர்களுக்கு. எதுவும் நோயை நிறுத்தாது.

மண்டைக்குள் கம்பி வேண்டாம் என்றேன். அப்படியானால் அல்ட்ராசவுண்ட், நடுக்கம்தான் தொல்லை என்பதால் தலாமஸ் என்றார்.

"ஒரு நேரத்துல ஒரு பக்கம்தாம்மா செய்வோம். ரெண்டையும் சேத்துச் செஞ்சா பேச்சு, விழுங்கறது, நடை எல்லாம் கெட வாய்ப்பு இருக்கு. எந்தக் கைக்குச் செய்யலாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் சொன்னார்: "வலது கைக்கு டாக்டர்."

டாக்டரம்மாவும் தலையாட்டிக்கொண்டு, நடுக்கத்தைப் பார்க்கத் தாளில் சுருள் வரையச் சொல்லி, பேனாவை என் வலது கையில் கொடுத்தார். நான் அதை இடது கைக்கு மாற்றினேன்.

"அது அவ பழக்கம் டாக்டர். நீங்க சோத்துக் கையப் பாருங்க," என்றார் கணவர்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்தக் கையால் எழுதியதற்குப் பள்ளியில் அடி வாங்கியிருக்கிறேன். கடையில் மறந்துபோய் இந்தக் கையால் துணியை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். சோறு தின்ன மட்டும் வலது கையை வீட்டில் பழக்கிவிட்டார்கள். ஊருக்காகப் பழகிய கைக்கு வைத்தியம், எனக்காக உழைத்த கைக்கு நடுக்கமா?

"நான் பொழைச்சதெல்லாம் இந்தக் கையாலதான். இத வுட்டுட்டு எத சரி பண்ணப் போறீங்க?" என்றேன்.

"நாலு பேரு எதிர்ல சாப்புட வேணாமா நீ? பீச்சாங்கை நடுங்கினா யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உங்களத்தான் கேட்டிருக்கணும்மா, மன்னிச்சிக்குங்க," என்றார். அன்று எனக்கு மன்னிக்கத் தோன்றவில்லை. இடது கைக்கு என்று முடிவானது.

மண்டையோடு ஒலியை உள்ளே விடுமா என்று ஸ்கேன் பார்த்தார்கள். எல்லோருக்கும் விடாது, கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சையன்று தலையை மழித்து, அது அசையாமல் இருக்க ஒரு சட்டத்தை வைத்துத் திருகினார்கள். திருகும்போது நன்றாக வலித்தது. எம்ஆர்ஐ குழாய்க்குள் விழித்தபடியே படுத்திருந்தேன். மண்டைக்குள் சூடு, தலைசுற்றல். நடுநடுவே இடது கையால் சுருள் வரையச் சொன்னார்கள். கடைசிச் சுருளில் கோடு கோணாமல் போனபோது அழுதுவிட்டேன். அதன்பின் சில வாரங்கள் உதட்டோரம் மரத்திருந்தது, நடை தள்ளாடியது.

சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் வலது கை மடியில் நடுங்கிக்கொண்டிருக்க, இடது கையால் சாம்பார் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். எதிர் வரிசைப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணவர் அவசரமாக, "அவளுக்கு ஒடம்பு சரியில்ல, அதான் அந்தக் கையில," என்றார்.

"சரியில்லாதது வலது கைங்க. இது நல்லா இருக்குது," என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டேன்.

இப்போது என் நாள், மாத்திரை வேலை செய்யும் நேரம், செய்யாத நேரம் என்று இரண்டாகிவிட்டது. நடுக்கம் திரும்பி வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இந்தக் கை எவ்வளவு காலம் நிற்கும் என்று தெரியாது. அறுபது வயதுக்கு மேல்தான் என் சொந்தக் கையால் சாப்பிடத் தொடங்கியிருக்கிறேன். இவ்வளவு தாமதமானதற்கு நோய் காரணமில்லை.